மனு முதல் மன்றம் வரை: இரட்டைமலை சீனிவாசனார் வாழ்வும் வாக்குரிமையும்

நம் கல்விச் சங்கம் வெள்ளி விழாக் காணும் இவ்வேளையில், இம்மலரில் பெரியார் ஒருவரின் வாழ்க்கை வரலாறு இடம்பெறுதல் முறை என்று எண்ணியபோது, நம் நெஞ்சில் முதற்கண் எழுந்தது திவான் பகதூர் இரட்டைமலை சீனிவாசனார் திருப்பெயரே. அவரை நம் இளைஞர்கள் அறியாதவர்கள் அல்லர். வட்டமேசை மாநாட்டிற்குச் சென்று வந்தவர், அண்ணல் அம்பேத்கருடன் ஒரே வரிசையில் அமர்ந்து வாதாடியவர், 2000-ஆம் ஆண்டில் இந்திய அரசு தபால் தலை வெளியிட்டுச் சிறப்பித்தவர் என்ற அளவில் எல்லோரும் அறிவர். ஆயின், அவர் வாழ்வை ஊன்றி நோக்குவார்க்கு அது மற்றொன்றையும் கற்பிக்கும். சட்டமன்றம் என்பது யாது, அதற்குள் ஒருவர் எவ்வாயில் வழியாகப் புகுகிறார், புகுந்தவர் யாருக்குக் கட்டுப்பட்டவர், ஆங்கு நிறைவேறும் ஒரு தீர்மானம் நம் சேரியின் கிணற்றங்கரைக்கு எவ்வாறு வந்து சேர்கிறது, அல்லது வாராமலே நின்றுவிடுகிறது என்பவற்றையெல்லாம் அவர் வாழ்க்கையினின்றே நாம் தெரிந்துகொள்ளலாம். எனவே அன்னார் பெற்ற பட்டங்களையும் பாராட்டுகளையும் அடுக்கிச் செல்வதை விடுத்து, இக்கேள்விகளின் வழியே அவரைப் பின்தொடர விரும்புகிறோம்.

செங்கற்பட்டு மாவட்டத்துக் கோழியாளம் என்னும் சிற்றூரில், 1860-ஆம் ஆண்டை ஒட்டி, ஜூலைத் திங்கள் 7-ஆம் நாள் அவர் பிறந்தார். இரட்டைமலை என்பதை ஊர்ப்பெயர் என்று கருதுவோர் உளர். அது தந்தையார் பெயர். வறுமையும் சாதிக் கொடுமையும் துரத்த, குடும்பம் தஞ்சைப் பகுதிக்குக் குடிபெயர்ந்தது. பின்னர்ச் சீனிவாசனார் கோயம்புத்தூரில் கல்வி பயின்றார். அக்கல்விச்சாலையில் ஏறத்தாழ 400 மாணாக்கர் இருந்தனர் என்றும், அவருள் பத்துப் பேர் போக ஏனையோர் அனைவரும் பிராமணர் என்றும் அவரே தம் வரலாற்றுச் சுருக்கத்தில் குறித்துள்ளார். தம் குலமும் குடியிருப்பும் பிறர்க்குத் தெரிந்துவிடுமோ என்ற அச்சத்தால், பள்ளி மணி அடிக்கும் வரை வெளியே எங்கேனும் படித்துக்கொண்டிருந்து, மணி அடித்த பின்னரே வகுப்பில் நுழைவாராம். வகுப்புக் கலைந்ததும் எவரும் உடன் வந்து பேச்சுக் கொடுக்காதபடி விரைந்து நடந்து வீடு சேர்வாராம். பேச்சே கூடாதென்று ஒதுங்கி நடந்த அப்பிள்ளைதான் பிற்காலத்தில் லண்டன் மாநகரில், பேரரசின் அமைச்சர்கள் முன்னிலையில், தம் மக்களுக்காகப் பேசியவர்.

கல்விக்குப்பின் நீலகிரியில் ஐரோப்பியர் நிறுவனங்களில் கணக்கராகச் சில ஆண்டுகள் பணியாற்றி, 1890-ஆம் ஆண்டில் சென்னைக்கு வந்தார். பண்டிதர் அயோத்திதாசர் அவருடைய சகோதரியை மணந்தவர். மைத்துனர் இருவரும் ஒரே காலத்தில், ஒரே மக்களுக்காக, வெவ்வேறு வழிகளில் உழைத்தனர். பண்டிதர் சமயத்தையும் பழைய இலக்கியத்தையும் ஆய்ந்து சென்றார். சீனிவாசனார் நாட்டமோ அரசாங்கத்தின்பால் இருந்தது.

அன்றைய அரசாங்கம் எத்தகையது? மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த சட்டசபை என்று ஒன்று அப்போது இந்நாட்டில் இல்லை. 1861-ஆம் ஆண்டுச் சட்டப்படி, கவர்னரின் நிருவாக சபையோடு அவர் நியமித்த சில கனவான்கள் கூடிச் சட்டம் இயற்றுவர். அவ்வளவே. 1892-ஆம் ஆண்டுச் சட்டம் ஒரு சிறு சாளரத்தைத் திறந்தது. முனிசிபாலிட்டிகளும் ஜில்லா போர்டுகளும் பல்கலைக்கழகமும் இன்னார் இன்னாரை நியமிக்கலாம் என்று பெயர் கொடுக்கலாம். கவர்னர் அவர்களை நியமிப்பார். இதனை நம் இளைஞர்கள் கருத்திற் கொள்ளுதல் வேண்டும். சட்டசபைக்குச் செல்லும் ஏணியின் முதற்படி அன்றே உள்ளாட்சி மன்றத்தில் இருந்தது. நிலமும் வரியும் உடையவர்களே ஜில்லா போர்டில் அமர்ந்தனர். அவர்களே சட்டசபைக்கும் பெயர் கொடுத்தனர். முதற்படியில் கால் வைக்க இடமில்லாதவனுக்கு மேற்படி எங்ஙனம் கிட்டும்?

ஆகவே நம்மவர்க்கு இருந்த ஒரே வாயில் மனு. சீனிவாசனார் பறையர் மகாஜன சபையை அமைத்தார். 1893-ஆம் ஆண்டு அக்டோபரில் 'பறையன்' என்ற பெயராலேயே ஓர் இதழைத் தொடங்கினார். இழிவென்று பிறர் எறிந்த சொல்லை எடுத்துத் தம் கொடியில் பொறித்துக்கொண்ட துணிவை நாம் இன்றும் வியக்கிறோம். பிற்காலத்தில் ஆதி திராவிடர் என்ற பெயர் பொதுவழக்கில் நிலைபெற்றது. 1922-இல் சென்னைச் சட்டசபையில் எம். சி. ராஜா அவர்களின் முயற்சியால் அரசாங்க ஆவணங்களிலும் அது இடம்பெற்றது. எந்தப் பெயர் தக்கது என்பதில் நம் முன்னோரிடையே கருத்து வேற்றுமை இருந்ததுண்டு. அதனை ஈண்டு விரிக்கவில்லை.

அதே 1893-ஆம் ஆண்டில் ஒரு பெரிய வழக்கு எழுந்தது. ஐ.சி.எஸ். எனப்படும் உயர் அதிகாரிகளுக்கான தேர்வு அந்நாளில் லண்டனில் மட்டுமே நடைபெற்றது. இந்தியாவிலும் ஒரே காலத்தில் அதனை நடத்தல் வேண்டும் என்பது காங்கிரசின் கோரிக்கை. அவ்வாண்டு ஜூனில் பிரிட்டிஷ் காமன்ஸ் சபையே அதற்கு இசைவாகத் தீர்மானம் நிறைவேற்றியது. சீனிவாசனார் இதனை எதிர்த்தார். டிசம்பர்த் திங்களில் சென்னையில் நம்மவர் கூட்டம் ஒன்றைக் கூட்டி, பாராளுமன்றத்திற்கு விண்ணப்பம் அனுப்பினார். அவ்விண்ணப்பத்தின் நீளம் 112 அடி. அதில் 3412 பேர் ஒப்பமிட்டிருந்தனர். பாராளுமன்ற உறுப்பினராயிருந்த தளபதி செஸ்னி என்பவர் வாயிலாக அது அனுப்பப்பெற்றது.

நாட்டின் உரிமைக்கு எதிராக நின்றார் என்று இதற்காக அவரைப் பழிப்போர் அன்றும் இருந்தனர், பின்னும் இருந்தனர். நம் கருத்து வேறு. இங்கே தேர்வு நடந்தால் தேறி வருபவர் யார்? நானூற்றில் பத்துக் கணக்கை அறிந்தவர் அவர். ஊரில் நம்மைக் கிணற்றங்கரையில் அண்டவிடாதவரின் மக்களே நாளைக்கு மாவட்ட ஆட்சியராக வந்தமர்ந்தால், முறையீடு செய்வதற்கும் இடமின்றிப் போகுமே என்று அவர் அஞ்சினார். அவ்வச்சம் அந்நியர்பால் கொண்ட பற்றினால் பிறந்ததன்று, அனுபவத்தால் பிறந்தது. எனினும் அந்நிய ஆட்சியின் நல்லெண்ணத்தையே பெரிதும் நம்பியிருக்கும் அரசியல் நெடுநாள் நில்லாது என்பதையும் நாம் மறைத்தல் ஆகாது. பிற்காலத்தில் அவரே அந்நிலையைக் கடந்தார்.

மற்றொரு செய்தி. காமன்ஸ் சபை தீர்மானித்தும் அத்தேர்வு இந்தியாவில் அப்போது நடைபெறவில்லை. இந்திய அரசாங்கம் இசையவில்லை. தீர்மானம் ஏட்டில் நின்றது. ஒரு மன்றத்தின் தீர்மானம் என்பது அம்மன்றத்தின் கருத்து. அரசாங்கத்திற்குச் செய்யும் பரிந்துரை. சட்டம் என்பது வேறு. மசோதாவாக வந்து, விவாதிக்கப்பட்டு, நிறைவேறி, ஒப்புதல் பெற்ற பின்னரே அது எவரையும் கட்டுப்படுத்தும். இவ்வேற்றுமை சீனிவாசனார் வாழ்வில் மீண்டும் வந்து வழி மறித்ததை மேலே காண்போம்.

1900-ஆம் ஆண்டோடு 'பறையன்' இதழ் நின்றது. நம் மக்களின் குறைகளை லண்டனில் நேரிற் சென்று முறையிட வேண்டும் என்ற எண்ணத்துடன் கப்பலேறிய அவர், ஆப்பிரிக்காவில் தங்க நேர்ந்தது. தென் ஆப்பிரிக்காவில் நேட்டால் நாட்டில் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராக அமர்ந்தார். அங்கே வழக்கறிஞராயிருந்த காந்தியடிகளுடன் பழக்கமும் ஏற்பட்டது. ஏறத்தாழ இருபது ஆண்டுகள் இவ்வாறு அயல்நாட்டில் கழிந்தன. வரலாறு எழுதுவோர் பலர் இவ்விருபது ஆண்டுகளை ஒரே வரியில் கடந்துவிடுகின்றனர். நேட்டாலில் 1896-ஆம் ஆண்டிலேயே ஒரு சட்டம் இயற்றப்பட்டிருந்தது. பாராளுமன்றத் தேர்தல் முறை நிலவாத நாடுகளைச் சேர்ந்தவர்கள் நேட்டாலில் வாக்காளராகப் பதிவு பெற இயலாது என்பது அதன் சாரம். இந்தியர் என்ற சொல்லே அச்சட்டத்தில் இல்லை. ஆனால் இந்தியரை விலக்குவதற்கென்றே அது செய்யப்பட்டது. உன் நாட்டில் உனக்கு வாக்கில்லை, ஆகையால் இங்கும் இல்லை என்பதுதானே அதன் பொருள்! வாக்குரிமையைப் பறிப்பவர் எவ்வளவு நயமாகச் சட்டம் எழுதுவர் என்பதை அந்நாட்டு நீதிமன்றத்தில் அமர்ந்து அன்றாடம் சட்டங்களை மொழிபெயர்த்தவர் கண்டிராமல் இருக்க முடியாது.

அவர் தாயகம் திரும்பியபோது நாடு மாறியிருந்தது. 1919-ஆம் ஆண்டுச் சீர்திருத்தச் சட்டத்தின்படி 1920-இல் சென்னை மாகாணத்தில் முதற் பொதுத்தேர்தல் நடந்து முடிந்திருந்தது. புதிய சட்டசபையில் 127 இடங்கள்; அவற்றுள் 98 தேர்தலுக்கு உரியவை. முசுலிம்களுக்கும் இந்தியக் கிறித்தவர்க்கும் ஐரோப்பியர்க்கும் ஆங்கிலோ இந்தியர்க்கும் தனித் தொகுதிகள் வழங்கப்பட்டன. பிராமணரல்லாதார்க்கு 28 இடங்கள் ஒதுக்கப்பட்டன. ஜமீன்தார்களுக்கும் வணிகர்களுக்கும் தோட்ட முதலாளிகளுக்கும் பல்கலைக்கழகத்துக்கும் சிறப்புத் தொகுதிகள். நம்மவர்க்கோ ஐந்து இடங்கள். அவையும் தேர்தலால் அன்று, கவர்னரின் நியமனத்தால். பறையர், பள்ளர், வள்ளுவர், சக்கிலியர், மாலர், மாதிகர், செறுமர், ஒலெயர் முதலிய பல சமூகத்தார்க்கும் சேர்த்தே அவ்வைந்து.

ஏன் நியமனம்? வாக்காளர் பட்டியலில் நம்மவர் இல்லாமையே காரணம். குறிப்பிட்ட அளவு நிலவரியோ நகராட்சி வரியோ வருமான வரியோ செலுத்துபவரும், ஓய்வு பெற்ற இராணுவத்தாருமே வாக்காளர் ஆயினர். நாலு கோடிக்கு மேற்பட்ட மக்கள் வாழ்ந்த மாகாணத்தில் வாக்காளர் தொகை ஏறத்தாழ 12½ இலட்சமே. பிறர் நிலத்தில் உழுது, பிறர் மனையில் குடிசை கட்டி வாழ்ந்தவர் பெயர் அப்பட்டியலில் எங்ஙனம் ஏறும்? 1921-இல் இம்மாகாணத்துப் பெண்கள் வாக்குரிமை பெற்றனர். இந்திய மாகாணங்களுள் முதலாவதாகப் பெற்றனர் என்பது பெருமைக்குரியதே. ஆனால் அவர்களுக்கும் சொத்துத் தகுதி வேண்டியிருந்தது. நம் தாய்மார் அதனால் பயன்பெறவில்லை.

1923-ஆம் ஆண்டில் சீனிவாசனார் இவ்வாறு நியமன உறுப்பினராகச் சட்டசபை புகுந்தார். அவருக்கு முன்னரே எம். சி. ராஜா அவர்கள் அம்மன்றத்தில் அமர்ந்திருந்தார்கள். நியமன உறுப்பினரின் நிலை இரங்கத்தக்கது. அவரை அனுப்பியவர் கவர்னர். அவருக்குப் பின்னால் வாக்குகள் இல்லை. ஆகவே கட்சித் தலைவர்கள் அவரை நாடி வருவதில்லை. மன்றத்தில் நூற்றுக்கு மேற்பட்டோரிடையே நால்வர் ஐவராய் நின்று எதனையும் வாக்கெடுப்பில் வெல்ல முடியாது. பேசலாம், வினாக்கள் எழுப்பலாம், பிறருடைய மனச்சான்றை நோக்கித் தீர்மானம் கொண்டுவரலாம். இம்மூன்றையும் கொண்டே அவர் தொண்டாற்றினார்.

1924-ஆம் ஆண்டு ஆகஸ்டில் அவர் கொணர்ந்த தீர்மானமே அவர் பெயரை நிலைநிறுத்தியது. நகரத்திலோ கிராமத்திலோ உள்ள எந்தப் பொது வீதியிலும் பாதையிலும் எவ்வகுப்பினரும் நடந்து செல்வதற்குத் தடையில்லை என்பது அதன் ஒரு பகுதி. பொது அலுவலகம், பொதுக் கிணறு, குளம், பொதுமக்கள் கூடும் இடங்கள், அரசாங்கப் பணி நடைபெறும் கட்டடங்கள் ஆகியவற்றிற்குச் சாதி இந்துக்கள் செல்வது போலவே தாழ்த்தப்பட்டோரும் செல்லலாம் என்பது மற்றொரு பகுதி. மன்றம் அதனை ஏற்றது. அடுத்த திங்களே அரசாங்க ஆணையும் பிறந்தது. திருவிதாங்கூரில் வைக்கம் கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் நடக்கும் உரிமைக்காக மக்கள் சிறை சென்றுகொண்டிருந்த அதே ஆண்டில், இங்கே ஒரு நியமன உறுப்பினர் சட்டசபை வாயிலாக அவ்வுரிமையைக் கேட்டுப் பெற்றார்.

அது எப்படி இயன்றது என்பதையும் நோக்குதல் வேண்டும். அக்காலத்தில் இரட்டையாட்சி நடந்தது. நிதி, போலீசு போன்ற துறைகள் கவர்னரின் கையில் இருந்தன; கல்வி, பொது சுகாதாரம், உள்ளாட்சி போன்றவை மக்கள் பிரதிநிதிகளான அமைச்சர்களிடம் விடப்பட்டிருந்தன. வீதியும் கிணறும் உள்ளாட்சியைச் சேர்ந்தவை. அத்துறை முதலமைச்சர் பனகல் அரசரிடம் இருந்தது. சட்டசபைக்குப் பதில் கூறும் பொறுப்புள்ள அமைச்சரின் துறையாதலால், சட்டசபையின் தீர்மானத்துக்கு அங்கே மதிப்பு இருந்தது. எந்தப் பொருள் யார் கையில் இருக்கிறது என்பதை அறிந்து, அக்கதவைத் தட்டியது சீனிவாசனாரின் நுட்பம்.

ஆயினும் ஆணை பிறந்ததும் கிணறு திறந்துவிட்டதா? இல்லை. ஆணையை நிறைவேற்ற வேண்டியவை ஜில்லா போர்டு, தாலுகா போர்டு, முனிசிபாலிட்டி, பஞ்சாயத்து ஆகியவை. அங்கே அமர்ந்திருந்தவர் யார்? தடுப்பவரே. தடுத்தவருக்குத் தண்டனை என்ன என்று தீர்மானத்தில் இல்லை. தீர்மானத்தில் இருக்கவும் முடியாது. தண்டனை வேண்டுமாயின் சட்டம் வேண்டும். இக்குறையை உணர்ந்து, நியமன உறுப்பினராயிருந்த கோவை ஆர். வீரையன் அவர்கள் உள்ளாட்சிச் சட்டங்களைத் திருத்தி, தடுப்போர்க்கு அபராதம் விதிக்க வகை காண முயன்றார். வீரையனார் பெயரை நம் பிள்ளைகள் பலர் அறியார், அறிதல் நன்று. சென்னையில் ஒருவர் கதவைத் திறக்க, மற்றொருவர் அது மீண்டும் மூடாதபடி ஆப்பு அறைந்தார் எனலாம். சட்டம் வந்த பின்னும் ஊர் மணியக்காரரும் கர்ணமும் போர்டுத் தலைவரும் மனம் வைத்தாலன்றி அது கிராமத்தை எட்டவில்லை. உள்ளாட்சியில் நம் குரல் இல்லாத வரை, மாகாணச் சட்டசபையில் எழும் குரல் பாதி வழியிலேயே தேய்ந்து போயிற்று.

இந்த அனுபவங்களையெல்லாம் சுமந்துகொண்டே 1930-இல் அவர் லண்டன் சென்றார். முதல் வட்டமேசை மாநாட்டிற்குத் தாழ்த்தப்பட்டோர் சார்பில் அழைக்கப்பெற்றவர் இருவர்: நாற்பது வயதை எட்டாத அம்பேத்கர், எழுபதைத் தொட்ட சீனிவாசனார். வின்ட்சர் அரண்மனையில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரைக் கண்டபோது தீண்டாமை என்பது என்னவென்று மன்னர் வினவியதாகவும், தெருவில் நம்மவன் ஒருவன் விழுந்து கிடந்தால் மேற்குலத்தான் தூக்கிவிட மாட்டான் என்று இவர் விளக்கியதாகவும், மன்னர் வருந்திக் கைகுலுக்கியதாகவும் கூறுவர். கேட்போர் நெஞ்சைத் தொடும் செய்தியே. ஆயினும் அக்கைகுலுக்கலினும் பெரிதென்று நாம் கருதுவது, அவ்விருவரும் ஒப்பமிட்டு மாநாட்டின் சிறுபான்மையோர் குழுவுக்கு அளித்த கோரிக்கையைத்தான்.

அதிலே வயது வந்தோர் அனைவர்க்கும் வாக்குரிமை கேட்டனர். முதற் பத்து ஆண்டுகளுக்குத் தனித்தொகுதி கேட்டனர். அஃதாவது தாழ்த்தப்பட்டோரே வாக்களித்துத் தம் பிரதிநிதியைத் தேர்ந்தெடுக்கும் முறை. அதன்பின் ஒதுக்கப்பட்ட இடங்களோடு கூடிய பொதுத்தொகுதிக்கு இசையலாம். ஆனால் வயது வந்தோர் வாக்குரிமை இன்றிப் பொதுத்தொகுதியை நம் விருப்பத்துக்கு மாறாகத் திணித்தல் ஆகாது என்றனர். இந்நிபந்தனையின் ஆழத்தை நம் இளைஞர்கள் சற்று நின்று எண்ணிப் பார்த்தல் வேண்டும். சொத்துடையவர்க்கே வாக்கு என்ற நிலையில் பொதுத்தொகுதி வைத்தால், இடம் நம்முடையதாயிருக்கும். அவ்விடத்துக்கு ஆளைத் தேர்பவர் பிறராயிருப்பர். எல்லோர்க்கும் வாக்கு என்றால் நம் தொகைக்கு ஏற்ற வலிமையேனும் நமக்கு இருக்கும். நியமன உறுப்பினராயிருந்து, தம்மை அனுப்பியவர் யார் என்ற கேள்வியின் கூர்மையை ஏழாண்டு உணர்ந்த ஒருவரின் கைச்சாத்து அதில் இருப்பது தற்செயலன்று.

1931-இல் நடந்த இரண்டாம் மாநாட்டில் காந்தியடிகள் கலந்துகொண்டு தனித்தொகுதியைக் கடுமையாக எதிர்த்ததும், தாழ்த்தப்பட்டோர்க்கும் தாமே பிரதிநிதி என்று வாதிட்டதும் பலரும் அறிந்தவை. நம்மவருள்ளும் ஒற்றுமை இல்லை. 1932-இன் தொடக்கத்தில் எம். சி. ராஜா அவர்கள் இந்து மகாசபைத் தலைவர் மூஞ்சேயுடன் உடன்பாடு செய்துகொண்டு, ஒதுக்கப்பட்ட இடங்களுடன் பொதுத்தொகுதியே போதும் என்றார்கள். ஒரே மாகாணத்தில், ஒரே சமுதாயத்தில் பிறந்த இரு பெருந்தலைவர்கள் இரு பக்கம் நின்றனர். ஒருவரைத் துரோகி என்றும் மற்றவரை வீரர் என்றும் முத்திரை குத்துவது எளிது. நாம் அதனைச் செய்யோம். ஊரில் நம்மைச் சூழ்ந்து வாழும் பெரும்பான்மையோருடன் பகைத்துக்கொண்டு தனித்து நிற்றல் தகுமா என்பது ராஜா அவர்களின் கவலை. அவர்கள் தயவால் வரும் இடம் நம் இடமாகுமா என்பது சீனிவாசனாரின் கவலை. இரண்டும் மெய்யான கவலைகளே.

1932 ஆகஸ்டு 16-ஆம் நாள் பிரிட்டிஷ் பிரதமர் தம் தீர்ப்பை வெளியிட்டார். அதன்படி சென்னை மாகாணத்தில் தாழ்த்தப்பட்டோர்க்கு 18 தனி இடங்கள். பொதுத்தொகுதியிலும் ஒரு வாக்கு. செப்டம்பர் 20-இல் எரவாடா சிறையில் காந்தியடிகள் உண்ணாநோன்பு தொடங்கினார். 24-இல் பூனா ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. அதில் அம்பேத்கர், சீனிவாசனார், எம். சி. ராஜா ஆகிய மூவர் கையொப்பமும் உள்ளன. தனித்தொகுதி போயிற்று. அதற்கு ஈடாக மாகாணச் சட்டசபைகளில் ஒதுக்கப்பட்ட இடங்கள் மொத்தம் 148 ஆயின, சென்னைக்கு 30. மத்திய சட்டசபையில் பொது இடங்களில் நூற்றுக்குப் பதினெட்டு. உள்ளாட்சித் தேர்தல்களிலும் அரசாங்க வேலைகளிலும் தாழ்த்தப்பட்டவர் என்ற காரணத்தால் எவருக்கும் தடை இருத்தல் ஆகாது என்ற பிரிவும் சேர்க்கப்பட்டது. உள்ளாட்சி என்ற சொல் அவ்வொப்பந்தத்தில் இடம்பெற்றதைப் பலர் கவனிப்பதில்லை.

ஒப்பந்தத்தில் ஒரு புதிய முறையும் இருந்தது. ஒதுக்கப்பட்ட இடம் ஒவ்வொன்றிற்கும் முதலில் தாழ்த்தப்பட்ட வாக்காளர் மட்டும் கூடி நால்வரைத் தேர்வர். அந்நால்வருள் ஒருவரைப் பின்னர் எல்லா வாக்காளரும் சேர்ந்து தேர்ந்தெடுப்பர். முதல் வாக்கில் நம் விருப்பம். இரண்டாம் வாக்கில் ஊரார் விருப்பம். காகிதத்தில் இது நடுநிலையாகத் தோன்றும். நடைமுறையில், நம்மவரிடம் அதிக வாக்குப் பெற்று முதலில் வந்தவரை விடுத்து, நாலாவதாக வந்தவரைப் பெரும்பான்மையோர் வெற்றி பெறச் செய்ய இயலும். இதனை அம்பேத்கர் பிற்காலத்தில் பன்முறை எடுத்துக்காட்டினார். 1937 பிப்ரவரியில் இம்முறையில் முதல் தேர்தல் நடந்தது. ஒவ்வொரு கட்சிக்கும் ஒவ்வொரு நிறப் பெட்டி. எழுதப் படிக்கத் தெரியாதவரும் நிறம் பார்த்துச் சீட்டுப் போடலாம். காங்கிரசின் மஞ்சள் பெட்டி மாகாணமெங்கும் நிறைந்தது. நமக்குரிய 30 இடங்களிலும் பெரும்பாலானவை காங்கிரசு வேட்பாளர்க்கே சென்றன. தம் கட்சிக் கொறடாவின் சொல்லுக்கும் தம் சேரியின் குறைக்கும் இடையே நின்று திகைக்கும் உறுப்பினர் என்ற காட்சி அன்று தொடங்கியது. இன்றும் அது முற்றுப்பெறவில்லை என்று சொன்னால் எவரும் நம்மைக் கோபித்துக்கொள்ளமாட்டார்கள் என நம்புகிறோம்.

1936-இல் திவான் பகதூர் பட்டம் சீனிவாசனாரை வந்தடைந்தது. 1939-இல் தம் வாழ்க்கையைச் சுருக்கி ஒரு சிறு நூலாக வெளியிட்டார். அதில் தற்புகழ்ச்சி குறைவு; தேதிகளும் மனுக்களும் மிகுதி. 1945 செப்டம்பர் 18-ஆம் நாள் சென்னையில் மறைந்தார். கிண்டி காந்தி மண்டப வளாகத்தினுள் அவருக்கு மணிமண்டபம் உள்ளது. லண்டனில் எதிரெதிர் வரிசையில் அமர்ந்தவர்கள் இங்கே ஒரே தோட்டத்தில் நினைவுகூரப்படுகின்றனர்.

அவர் கேட்ட வயது வந்தோர் வாக்குரிமையை அவர் காணவில்லை. 1950-ஆம் ஆண்டு அரசியலமைப்பு அதனை வழங்கியது. முதலில் 21 வயது. 1989 முதல் 18. சமயம், சாதி, பால் பாராது தொகுதிக்கு ஒரே வாக்காளர் பட்டியல். பூனா ஒப்பந்தத்தின் முதனிலைத் தேர்தல் கைவிடப்பட்டது, ஒதுக்கீடு நின்றது. 1952 தேர்தலில் சில தொகுதிகளுக்கு இரண்டு உறுப்பினர். ஒருவர் பொது, ஒருவர் நம்மவர். 1961-இல் அம்முறையை நீக்கி, தனித்தொகுதி என்று இப்போது நாம் பொதுவழக்கில் கூறும் ஒதுக்கீட்டுத் தொகுதிகளை வகுத்தனர். சீனிவாசனார் கேட்ட தனித்தொகுதி வேறு, இது வேறு என்பதை இளைஞர்கள் மயங்காது அறிதல் வேண்டும். அவர் கேட்டதில் வாக்காளரும் நம்மவர். இதில் வேட்பாளர் மட்டுமே நம்மவர். 2008-ஆம் ஆண்டுத் தொகுதிச் சீரமைப்பின்படி தமிழ்நாட்டுச் சட்டமன்றத்தின் 234 இடங்களில் ஆதி திராவிடர்க்கு 44-உம், மக்களவைக்குரிய 39-இல் ஏழும் இவ்வாறு ஒதுக்கப்பட்டன.

ஆனால் 1924-ஆம் ஆண்டுத் தீர்மானம் போய் முட்டி நின்ற இடம் உள்ளாட்சி அல்லவா? அங்கே கதவு திறக்க இன்னும் நெடுங்காலம் ஆயிற்று. 1993-இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்புத் திருத்தங்களே ஊராட்சி, நகராட்சி இடங்களிலும், தலைவர் பதவிகளிலும் மக்கள்தொகைக்கு ஏற்ப ஒதுக்கீட்டைக் கட்டாயமாக்கின. நாடாளுமன்ற, சட்டமன்றத் தேர்தல்களை இந்தியத் தேர்தல் ஆணையம் நடத்த, உள்ளாட்சித் தேர்தலை நடத்த மாநிலத் தேர்தல் ஆணையம் தனியே அமைந்தது. 1994-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்தின்படி 1996-இல் தேர்தல் வந்தது. சட்டசபையில் நம்மவர் அமர்வதை முப்பது நாற்பது ஆண்டுகளாகப் பொறுத்துக்கொண்டவர்கள், ஊர் மன்றத்து நாற்காலியில் அமர்வதைப் பொறுக்கவில்லை. சட்டமன்றம் சென்னையில் இருக்கிறது. ஊராட்சி அலுவலகமோ ஊர் நடுவில் இருக்கிறது. குளத்துக் குத்தகையும் தெருவிளக்கும் குழாயும் அதன் கையில் இருக்கின்றன.

மதுரை மாவட்டம் மேலவளவு ஊராட்சி ஒதுக்கீட்டுக்கு வந்தது. எதிர்ப்பையும் மிரட்டலையும் மீறித் தேர்தலில் நின்று தலைவரான முருகேசன், 1997 ஜூன் 30-ஆம் நாள் பட்டப்பகலில், பேருந்தில் வந்த வழியிலேயே, உடன் வந்தோர் சிலருடன் வெட்டிக் கொல்லப்பட்டார். அதே மாவட்டத்துப் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஆகிய ஊராட்சிகளிலும், விருதுநகர் மாவட்டத்துக் கொட்டக்கச்சியேந்தலிலும் பத்தாண்டுகள் தலைவர் பதவி நிலைபெறவில்லை. பலமுறை தேர்தல் அறிவிக்கப்பட்டும் வேட்புமனு கொடுக்க ஆள் வரவில்லை, அல்லது வரவிடவில்லை. வென்றவரும் ஓரிரு நாளில் பதவியைத் துறக்கும்படி செய்யப்பட்டனர். வாக்குரிமை இருந்தது, ஒதுக்கீடு இருந்தது, சட்டம் இருந்தது, தேர்தல் ஆணையம் இருந்தது. மனுக் கொடுப்பதற்கு மட்டும் ஊர் விடவில்லை. 1893-இல் 3412 பேர் ஒப்பமிட்டுக் கடல் கடந்து மனு அனுப்பிய சமுதாயத்தில், ஒரு நூற்றாண்டு கழித்து, தன் ஊரிலேயே ஒரு வேட்புமனுவில் ஒப்பமிட ஒருவன் அஞ்ச வேண்டியிருந்தது.

2006 அக்டோபரில் அந்நான்கு ஊராட்சிகளிலும் முறையாகத் தேர்தல் நடைபெற்றது. வென்ற நால்வரும் பதவியேற்று, ஊராட்சி அலுவலகத்தில் தலைவர்க்குரிய நாற்காலியில் அமர்ந்தனர்.